ஆரஞ்சு நூலும் மூன்று ஜோடி மைக்கும்

மேகலாவுக்கு அன்று காலையிலிருந்தே கால் தரையில் நிற்கவில்லை. டெல்லி முனிர்காவில் ஒரு கோச்சிங் சென்டருக்குக் கீழே இருக்கும் அவளுடைய பேஸ்மென்ட் ஸ்டூடியோவுக்கு முதன்முதலாக டிரம்ஸ் வந்து இறங்கியிருந்தது. வாசலில் தொங்கும் வெள்ளைப் பலகையில் இங்கே என்னவெல்லாம் பதிவு செய்யப்படும் என்று அவளே மார்க்கரால் எழுதி வைத்திருந்தாள்: குரல், கிதார், புல்லாங்குழல், பஜனை. மூன்று வருடமாக அந்தப் பட்டியல் அப்படியே இருக்கிறது. காரணம் கூரை. எக்கினால் கை தொட்டுவிடும் உயரம். அதற்குக் கீழே டிரம்ஸ் வாசித்தால் தகர டப்பா உருளுகிற மாதிரிதான் கேட்கும் என்று ஊரே தீர்ப்பு எழுதிவிட்டது.

ஊர் என்றால் முக்கியமாக கௌதமன். துவாரகாவில் குடியிருப்பவர், விமான நிலையத்தில் வேலை, ஓய்வு நேரத்தில் ஒரு இசைக்குழுவுக்குத் தலைவர். ஆறு பாட்டு தயாராக வைத்துக்கொண்டு எங்கே பதிவு செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார். மேகலா விடாமல் நச்சரித்ததில் ஒரு வழியாக இறங்கி வந்தார்.

"ஞாயித்துக்கிழமை எங்க டிரம்மர் ஆல்பர்ட்டை டிரம்ஸோட அனுப்பறேன். ரெண்டு மணிக்குள்ள ஒரு நிமிஷம் ரெகார்ட் பண்ணி அனுப்பு. நல்லா இருந்தா ஆறு பாட்டும் உன் ரூம்லதான். இல்லேன்னா நொய்டாவுல பெரிய ஸ்டூடியோவை புக் பண்ணிடுவேன். அப்புறம் கோவிச்சுக்கக் கூடாது."

அந்த இரண்டு மணி அவர் வைத்ததல்ல. இரண்டு மணிக்கு மேல்மாடியில் கோச்சிங் சென்டரின் மாதிரித் தேர்வு. அதற்குப் பிறகு கீழே ஒரு ஸ்பூன் விழுந்தாலும் கட்டடத்துக்காரர் வந்து நிற்பார்.

மேகலா முந்தின நாளே மூன்று ஜோடி மைக் வாடகைக்கு எடுத்துவிட்டாள். டிரம்ஸுக்கு மேலே வலமும் இடமுமாக நிறுத்துவதற்கு. ஒரு ஜோடி பென்சில் போல ஒல்லி. ஒரு ஜோடி நல்ல பருமன். மூன்றாவது, கடைக்காரர் வற்புறுத்திக் கையில் திணித்த ரிப்பன் மைக், வெல்வெட் பெட்டிக்குள் மாப்பிள்ளை மாதிரி படுத்திருந்தது. மற்ற டிரம்களுக்குத் தனித்தனி மைக் வைக்கலாம், வைக்காமலும் போகலாம். மேலே நிற்கிற இந்த ஜோடி சரியாக அமைந்தால்தான் டிரம்ஸ் டிரம்ஸாகக் கேட்கும். எந்த ஜோடி என்பதுதான் கேள்வி.

எந்த ஜோடியானாலும் ஒரு விதி உண்டு. வாசிப்பவரின் மடிக்கு நேரே இருக்கும் ஸ்னேர் என்கிற சின்ன டிரம்மிலிருந்து இரண்டு மைக்கும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஒன்றுக்கு முன்னாலும் மற்றொன்றுக்குப் பின்னாலுமாக அடி போய்ச் சேர்ந்தால், இரண்டையும் கலக்கும்போது ஒன்றை ஒன்று தின்றுவிடும். அளக்க டேப்பைத் தேடினாள். இருக்கிற இடம் தெரியவில்லை. ஆனால் மூலையில் சுஜாதா ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள்.

சுஜாதா அவளுடைய அறைத்தோழி. கோயம்புத்தூர்க்காரி, பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. டெல்லிக் குளிர் முடியப்போகிறது, அவளுடைய ஸ்வெட்டர் மட்டும் முடிகிற வழியாக இல்லை. மேகலா அந்த ஆரஞ்சுக் கம்பளி நூலில் மூன்று முழத்துக்கு மேலேயே வெட்டிக்கொண்டாள். ஒரு நுனியை ஸ்னேரின் நடுவில் ஆல்பர்ட் விரலால் அழுத்திப் பிடிக்க, இவள் இடது மைக் வரை நீட்டி அந்த இடத்தைக் கிள்ளிப் பிடித்தாள். பிடியை விடாமல், பெரிய டிரம்மைத் தாண்டி எக்கி இழுத்து, நூல் எட்டிய இடத்தில் வலது மைக்கை நிறுத்தினாள்.

"அட, அப்படி வெடுக்குனு இழுக்காதே. நூலு கெட்டுப்போகும்" என்றாள் சுஜாதா.

"ஜல்தில இருக்கேன் யார், அப்புறம் வேற வாங்கித் தரேன்" என்றாள் மேகலா, டெல்லி வாசத்தில் ஒட்டிக்கொண்ட இந்தியோடு.

முதலில் பென்சில் ஜோடி. ஆல்பர்ட் தூத்துக்குடி ஆள். சாதாரணமாகப் பேசும்போது பாதி வார்த்தையை முழுங்குவான். குச்சியைக் கையில் எடுத்தால் ஒன்றையும் முழுங்க மாட்டான். வெளுத்து வாங்கினான். மேகலாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஹெட்போனில் ஸ்னேர் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்த மாதிரி இருந்தாலும், அவசரத்தில் அதைப் பெரிதுபடுத்தாமல் அனுப்பிவிட்டாள்.

கௌதமன் உடனே கூப்பிட்டார். "போன் ஸ்பீக்கர்ல கேட்டேன், ரெண்டு பக்கமும் ஒண்ணாக் கலந்து வருது. ஸ்னேர் எங்கம்மா போச்சு? பக்கெட்டுக்குள்ள தட்டற மாதிரி இருக்கு."

"ஒரு நிமிஷம்ணா, மைக்கை மாத்தறேன்."

ரிப்பன் ஜோடியை வைத்தாள். மறுபடி நூல், மறுபடி எக்கல், மறுபடி சுஜாதாவின் முறைப்பு. மறுபடி கௌதமன்: "அதே பக்கெட்."

பருமன் ஜோடியை வைத்தாள். இந்தத் தடவை கௌதமன் குரலைத் தணித்துக்கொண்டார்: "மேகலா, நான் சொன்னேன்ல. அது உன் தப்பில்ல. உன் ரூம் அப்படி."

மணி ஒன்று பத்து. இந்த அறையை மேகலா நேசித்தாள். ஒரு ஆள் அதைப் பார்த்து "பாவம்" என்று சொல்லும் தொனியை அவளால் தாங்க முடியவில்லை.

"அடிச்சி அடிச்சி கையி வீங்கிட்டு, பாத்துக்க" என்றான் ஆல்பர்ட். "மூணு மைக்கும் மூணு தினுசா இருக்கு. கோளாறு மட்டும் ஒண்ணுபோல வருதே, அது எப்படி?"

மேகலா நிமிர்ந்தாள். அதானே! மைக் மாறியிருக்கிறது, கோளாறு மாறவில்லை. அப்படியானால் மாறாமல் இருப்பது எது? கேபிளை மாற்றிப் பார்த்தாள். அதே பக்கெட். வெறுத்துப்போய் மறுபடி தூரத்தை அளக்க நூலை எடுத்து வலது மைக்கை நோக்கி இழுத்தபோது சுஜாதாவின் பொறுமை போய்விட்டது.

"நானும் காலைல இருந்து சொல்லிட்டே இருக்கேன். பாரு, இந்தப் பக்கம் வரும்போது நூலு எப்படி இழுபட்டு மெலிஞ்சு போகுதுன்னு! கம்பளி நூலுடி அது, இழுத்தா நீளும். ஸ்வெட்டர் பின்னறவகிட்ட கேக்கமாட்டியா?"

மேகலா கையிலிருந்த நூலைப் பார்த்தாள். இடப்பக்கம் தளர, வலப்பக்கம் எக்கி இழுத்து. பிடியை விட்டாள். நூல் சுருங்கி நாலு விரல்கடை உள்ளே போனது. மூன்று ஜோடிக்கும் வலது மைக் நாலு விரல்கடை கூடுதல் தூரத்தில் நின்றிருக்கிறது!

"அரே, கம்பளி!" என்று கத்தியவள், சிரிப்பு தாங்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அறை குற்றவாளி இல்லை. மைக்கும் இல்லை. தலைநகரத்துக் குளிர்காலம் முழுக்கப் பக்கத்திலேயே பின்னப்பட்டுக்கொண்டிருந்த ஒரு பந்து நூல்தான். அவளுக்கு இவ்வளவு சந்தோஷமான தப்பு வாழ்க்கையில் வாய்த்ததே இல்லை.

ஆனால் மணி ஒன்று இருபது. மூன்று ஜோடியையும் திரும்ப வைத்துப் பார்க்க நேரமில்லை. ஒன்றைத்தான் எடுக்க முடியும்.

லேப்டாப்பில் மூன்று பதிவையும் திறந்தாள். ஸ்னேர் கெட்டுப்போயிருக்கிறது, சரி; டிரம்ஸோடு சேர்ந்த பித்தளைத் தட்டுகள் எப்படிக் கேட்கின்றன? அதை மட்டும் கேட்டாள். பென்சிலில் தட்டுச் சத்தம் காதில் குத்தியது. பருமனில் எண்ணெயில் அப்பளம் பொரிவது போல் சலசலத்தது. ரிப்பனில் அது பித்தளையாகவே கேட்டது, அழகாகத் தழைந்து அடங்கியது. காலையில் ஸ்னேரைத் தேடிய பதற்றத்தில் இதை அவள் கவனிக்கவே இல்லை.

"ரிப்பன்தான்" என்றாள். மறுகணமே நெற்றியில் அடித்துக்கொண்டாள். அந்த மைக்குக்கு முதுகிலும் காது. அதன் முதுகுக்கு மேலே ஒரு சாண் தூரத்தில் கூரை; அடிக்கிற சத்தம் அதில் பட்டுத் திரும்பி மைக்குக்குள் விழும். "சுஜா, உன் ரஜாய் வேணும்!"

"என்னோட ரஜாயா? நூலு போச்சு, இப்ப அதுவுமா?"

திட்டிக்கொண்டேதான் கோச்சிங் சென்டருக்கும் மேலே இருக்கும் அவர்கள் அறைக்கு ஓடினாள். கனத்த பஞ்சுப் போர்வையான அந்த ரஜாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். கூரையை ஒட்டி ஓடும் தண்ணீர்க் குழாய்களில் நாலு முனையையும் ஆல்பர்ட் கட்டினான். மேகலா மைக்குகளுக்குப் போகும் மின்சாரத்தை அணைத்தாள்; மற்ற ஜோடிகளுக்கு அது வேண்டும், ரிப்பனுக்கு ஆகாது. இந்தத் தடவை நீளாத மைக் கேபிளைக் கொண்டே அளந்தாள். ஒரு முறை அவள், ஒரு முறை சுஜாதா. இரண்டு பேருக்கும் ஒரே அளவு.

மணி ஒன்று நாற்பது. மாடிப்படியில் மாணவர்களின் செருப்புச் சத்தம் ஆரம்பித்துவிட்டது.

"ஆல்பர்ட், ஒரே டேக்."

"ஒண்ணு போதும்லா."

வாசித்தான். ஹெட்போனில் ஸ்னேர் நடு நெற்றியில் வந்து விழுந்தது. பட், பட் என்று, சதைப்பற்றோடு. தட்டுகள் இரண்டு பக்கமும் விரிந்தன. கூரையே காணாமல் போயிருந்தது. மேகலா வாயைப் பொத்திக்கொண்டு குதித்தாள். கத்தினால் பதிவில் விழுமே.

அனுப்பினாள். இரண்டு நீலக் குறி வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. ஒன்று ஐம்பது. ஒன்று ஐம்பத்தைந்து. மேலே நாற்காலிகள் இழுபட்டன. மூன்று பேரும் ஒரே போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போன் அடித்தது.

"ஆல்பர்ட் புது ஸ்னேர் ஏதாவது வாங்கினானா?" என்றார் கௌதமன்.

"இல்லண்ணா. அதே ஸ்னேர்."

"மூணு தடவை கேட்டேன். ஸ்பீக்கர்ல, ஹெட்போன்ல, கார்ல." கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. "சரி, அடுத்த ஞாயிறு உங்க மேல்மாடியில எத்தனை மணிக்குப் பரீட்சை?"

மேகலாவுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. புரிந்ததும் சுஜாதாவின் கையைப் பிடித்து உலுக்கினாள். ஆல்பர்ட்தான் போனை வாங்கி, "ரெண்டு மணிக்கு அண்ணாச்சி, காலைலயே வந்துருங்க" என்றான்.

"அப்போ என் ரஜாய்?" என்றாள் சுஜாதா.

"குளிர் போயிடுச்சு யார், அது அங்கேயே இருக்கட்டும்" என்று அவளைக் கட்டிக்கொண்டாள் மேகலா. கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது. துடைக்கவும் தோன்றவில்லை. மார்க்கரை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். பலகையில் பஜனைக்குக் கீழே இடம் கொஞ்சம்தான் மீதி இருந்தது. எழுத்து கோணிக்கொண்டே போக, அங்கே டிரம்ஸ் என்று எழுதினாள்.