கந்தவேலுக்காக ஒரு ஜெபச்சீட்டு

கையுறை போட்ட அந்தக் கை நெற்றியில் இருக்கிறது, டாக்டர் நிவேதனா எல்லாரையும் ஒரு நிமிடம் பேசாமல் இருக்கச் சொல்கிறாள், குனிந்து, கந்தவேல், நாங்க இங்கதான் இருக்கோம், நீங்க தனியா இல்ல என்கிறாள், நெஞ்சு திறந்தபடி இருக்க வெள்ளிக்கிழமை அத்தியாயம் அத்தோடு முடிந்துவிடுகிறது, இனி திங்கட்கிழமை மதியம் இரண்டு மணிக்குத்தான், அதுவரை லாரி ஓட்டுநர் கந்தவேல் ஆபரேஷன் மேசையில் அப்படியே கிடக்க வேண்டும், விளம்பரத்தில் எவளோ சிரித்துக்கொண்டே துணி துவைக்கிறாள். நாடகம் என்று எனக்குத் தெரியாதா, முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான், ஆனாலும் அந்த அறையைப் பார்க்கும்போதெல்லாம் மேசையில் கிடப்பவரின் முகம் மெல்ல மாறுகிறது, மூக்கு நீள்கிறது, காதோரம் நரைக்கிறது, என் வீட்டுக்காரர் யோவேல் கிடக்கிறார், எட்டு மாதத்துக்கு முன்னால் ஐசியூ கதவுக்கு அந்தப்பக்கம் அவர், இந்தப்பக்கம் பெஞ்சில் நான், ஜெபம் பண்ணிக்கிட்டே இருங்க டீச்சரம்மா என்று போதகர் கிப்சன் போனில் சொல்கிறார், கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டே இருக்கிறேன், திறந்தபோது ஒரு டாக்டர் நிற்கிறார், முடிஞ்சிருச்சும்மா, அப்போ பக்கத்துல யாரு சார் இருந்தா என்று கேட்டேன், அவர் கையிலிருந்த ஃபைலைப் பார்த்தார், அவ்வளவுதான், அந்தக் கேள்விக்கு ஆலயத்தில் எனக்கு யாரும் பதில் சொல்லவில்லை, கர்த்தருடைய சித்தம் என்றார்கள், பாட்டுப் பாடினார்கள், காபி குடித்தார்கள், பதில் சொன்னது இந்த இரண்டு மணித் தொடர்தான், ஒரு கை நெற்றியில் இருக்கும், ஒருத்தி பெயர் சொல்லிக் கூப்பிடுவாள், அந்தக் கதவுக்குப் பின்னால் அப்படித்தான் நடந்திருக்க வேண்டும், என் ஆண்டவர் அந்தக் கையுறைக்குள்தான் இருந்தார், அதை யார் மறுத்தாலும் எனக்குக் கவலை இல்லை.

அதனால்தான் எழுதினேன், ஏமாற்ற அல்ல, இரண்டு நாள் ஒரு மனிதனைத் தனியாக விட மனம் வரவில்லை, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்னால் ஜெப விண்ணப்பப் பெட்டியில் சீட்டைப் போட்டேன், இருதய ஆபரேஷனில் இருக்கும் சகோதரர் கந்தவேலுக்காக, கீழே என் பெயர், போதகர் ஒலிபெருக்கியில் வாசித்தார், சபை முழுக்க எழுந்து நின்றது, முன்வரிசையில் என் வீட்டுக்காரரின் அக்கா எஸ்தர்பாய் மதினி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், என் உடம்பெல்லாம் சிலிர்த்தது, அவர் பிழைத்துவிடுவார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு, யார் பெயரை வாசித்தாலும் அன்று மாலையே பெண்கள் நாலு பேர் ரொட்டியும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு ஊர்ப் பெரியாஸ்பத்திரிக்குப் போவார்கள், அது எனக்கு எப்படி மறந்ததோ, சாயங்காலம் மதினி போன் பண்ணுகிறாள், ஏட்டி, ஒன் கந்தவேலப் பாத்துட்டு வந்தோம், வார்டு வார்டாத் தேடுனோம், ஒரு மூலக் கட்டில்ல கெடந்தாரு, நீங்கதான் கந்தவேலான்னு கேட்டேன், ஆமாங்காரு, ஜெபம் பண்ணவும் தேம்பித் தேம்பி அழுதாருட்டி. டிவியைப் பார்த்தேன், அணைந்துதான் இருந்தது, அதற்குள்ளிருந்து எழுந்து மூலைக் கட்டிலுக்கு நடந்தே போய்விட்டாரா, மதினி தொடர்ந்தாள், ஆனா வெளிய வரும்போது நர்ஸம்மா சிரிக்கா, அவரு பேரு சுடலைமுத்துவாம், காலு புண்ணுக்குக் கெடக்காராம், அப்ப ஒன் கந்தவேல் யாருட்டி. நான் சொன்னேன், முழுதாகச் சொன்னேன், இத போதகர்ட்ட சொல்லணும்ட்டி என்று மதினி போனை வைத்தாள்.

திங்கட்கிழமை பகல் பன்னிரண்டுக்கு மதினியும் போதகரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள், போதகருக்கு என் மகன் வயதுதான் இருக்கும், நாற்காலி நுனியில் உட்கார்ந்து, டீச்சரம்மா, வர்ற ஞாயித்துக்கிழம சபை முன்னால ஒரு வார்த்த மன்னிப்பு கேட்டுருங்க, இல்லன்னா திருவிருந்து குடுக்கக் கூடாதுன்னு கமிட்டில சொல்லுதாவ என்றார். பதினாறு வயதிலிருந்து முழங்காலிட்டு வாங்கிய அப்பம், வலித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனாலும் கேட்டேன், எதுக்குய்யா மன்னிப்பு. டிவில வாற ஆளுக்குச் சபையே அழுதுருக்கே அம்மா. அழுத அழுக பொய்யா ஐயா, நீங்க பண்ண ஜெபம் வீணாப் போச்சா, நேரா ஒரு மூலக் கட்டில்ல போய் நின்னுருக்கே, யோவேல் சாகும்போது அந்தக் கதவுக்குப் பின்னால யாரு இருந்தான்னு எனக்குக் காட்டினது அந்த டிவிதான், நீங்க யாரும் காட்டல, மன்னிப்பு கேட்டா அதுவும் பொய்யின்னு ஆயிரும், கேக்க மாட்டேன். வாய அடக்குட்டி, அவன் என் தம்பி என்று மதினி கத்தினாள், கத்தும்போதே அழுதாள், பிறகு தாழ்ந்த குரலில், யாராவது கையப் பிடிச்சிருப்பாவளா என்று கேட்டாள், பிடிச்சிருப்பாவ மதினி என்றேன், போதகர் எழுந்து செருப்பை மாட்டினார்.

ஒன்றரை மணிக்கு வீட்டைப் பூட்டினேன், இரண்டு மணிக்குக் கந்தவேலின் நெஞ்சை மூடுவார்களா, முகத்தை மூடுவார்களா என்று ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும், எனக்குத் தெரியாது, நான் பேருந்தில் நின்றுகொண்டிருக்கிறேன், ஆஸ்பத்திரி நடையில் நடந்துகொண்டிருக்கிறேன், மூலைக் கட்டிலில் கட்டுப் போட்ட காலோடு ஒருவர், ஐயா, கந்தவேலுக்குச் சீட்டு எழுதினது நான்தான் என்றதும் பதறிப்போய் எழுந்து உட்காரப் பார்க்கிறார், ரொட்டியத் தின்னுட்டேம்மா, பழம் ரெண்டு இருக்கு, எடுத்துக்கிடுங்க, பதினோரு நாளா ஒருத்தரும் கிட்ட வந்து பேரக் கேக்கல, அவுக கேட்டாவ, ஆமான்னுட்டேன். படுங்க என்றேன், நெற்றியில் கை வைத்தேன், கையுறை இல்லாத கை, லேசாகச் சுட்டது, சுடலைமுத்து, நான் இங்கதான் இருக்கேன் என்று சொன்னேன், சொல்லும்போது யோவேலும் கேட்டுக்கொண்டிருந்தார், அவர் கண்ணை மூடினார், சுடலைமுத்துதான், மூடியபடியே கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார், அந்தக் கந்தவேல் பொழச்சிட்டாராம்மா. சுவரில் மணி இரண்டே கால். பொழச்சிட்டாரு என்றேன்.