நறுக்

பல் செய்கிறவளை அந்தத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பல்லுக்கார அக்கா என்று ஆரம்பித்து, வாய்க்கு வாய் தேய்ந்து, பல்லக்கா ஆகிவிட்டது. பல்லக்கில் ஏறாத பல்லக்கா என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். டாக்டர் வாயில் அச்செடுத்து அனுப்புவார். அதை வைத்துக்கொண்டு மெழுகோடும் பிளாஸ்டரோடும் மல்லுக்கட்டிப் பல் செட்டு செய்வது அவள் வேலை.

இன்று மதியம் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம், தெருமுனைச் சாண்ட்விச் கடைக்காரர். பல்லெல்லாம் கொட்டிப்போய், பாலில் ஊறிய ரொட்டியே கதி என்று கிடந்த மனிதர். நேற்றுத்தான் புதுப் பல் மாட்டியிருந்தார். பழைய முதலாளியின் பட்டறையை விட்டு வந்து, பல்லக்கா தன் சொந்த அறையில், சொந்தப் பொறுப்பில் செய்த முதல் முழு செட்டு அது. "கொஞ்ச நாளைக்கு மெத்துன்னு இருக்கறதா பார்த்துச் சாப்பிடுங்கண்ணே" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். கேட்கிற ஆளா அவர்? மதியக் கூட்டத்தின் நடுவே, எல்லார் முன்னாலும், தன் சாண்ட்விச்சைத் தானே கடித்துக் காட்டப்போவதாகத் தெரு முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டார்.

நழுவினால்? உடைந்தால்? பாதி ஊர் சாப்பிடுகிற கடை அது. மற்றவர்கள் வேலை பல்லிளித்தது என்றால் பேச்சுக்குத்தான். இவள் வேலை நிஜமாகவே பல்லிளித்துவிடும். அப்புறம் எந்த டாக்டர் அச்சு அனுப்புவார்? அறையைப் பூட்டிவிட்டுப் பழைய முதலாளியிடமே போய் நிற்க வேண்டியதுதான். பிளாஸ்டர் தூள் படிந்த ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஓடினாள்.

வரிசை கடை வாசலைத் தாண்டி நடைபாதையில் நீண்டிருந்தது. நேரம் சரியில்லை என்றால் எல்லாம் சேர்ந்துதானே வரும்? அவளுக்கு நேர் முன்னால் நின்றவர் பழைய முதலாளி.

"ஏ பொண்ணு, உன் வேலைதானாமே? பார்ப்போம், பார்ப்போம்" என்றார் அவர், நாடகம் பார்க்க வந்தவர் மாதிரி. "கவலைப்படாதே. உன் ஸ்டூல் அப்படியேதான் கிடக்கு. எப்ப வேணா வா."

பல்லக்கா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். சொந்தப் பல், அதனால் பயமில்லை.

உள்ளே சூட்டுக் கல்லில் ரொட்டித் துண்டுகள் சிவந்துகொண்டிருந்தன. கடைக்காரர் கரண்டியால் அவற்றை அழுத்தி அழுத்தி, "மொறுமொறுன்னா, மெத்துன்னா?" என்று கத்தினார். எல்லாரும் மொறுமொறுதான். அவர் மனைவி பின்னால் நின்று, சாஸ் தடவி, காய் அடுக்கி, மூடி, குறுக்கே வெட்டித் தள்ளிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உங்க சாண்ட்விச்சுல அந்த நறுக்கு இருக்கே, அது வேற எங்கயும் வராதுண்ணே!" என்றார் தபால்காரர்.

"எல்லாம் என் கைச் சூடு!" என்று நெஞ்சை நிமிர்த்தினார் கடைக்காரர். மனைவி தலை நிமிரவில்லை.

கடைசியில் அவர் தனக்கென்று ஒன்றை எடுத்தார். கடை கப்சிப். வாயைப் பிளந்து ஒரு பெரிய கடி கடித்தார்.

நறுக்.

கதவருகே நின்ற பல்லக்காவுக்குக்கூடக் கேட்டது அந்தச் சத்தம். கடைக்காரர் அப்படியே நின்றுவிட்டார். கண் விரிந்திருந்தது, வாய் இறுக மூடியிருந்தது.

"போச்சு, உடைஞ்சுடுச்சு" என்றார் பழைய முதலாளி, எல்லார் காதிலும் விழும்படி.

பல்லக்கா ஆட்களை விலக்கிக்கொண்டு கல்லாவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

"அண்ணே, வாயைத் திறங்க. எந்தப் பக்கம்? சொல்லுங்கண்ணே!"

அவர் மாட்டேன் என்று தலையாட்டினார். மெதுவாகத் தாடை அசைந்தது. நறுக். இன்னொரு நறுக். மென்று, விழுங்கி, நாக்கால் வாயைத் துழாவிவிட்டு, மனைவி பக்கம் திரும்பினார்.

"இது என்னது?"

"வறுத்த கடலைங்க. ஒண்ணு ரெண்டா உடைச்சு சாஸ்ல போடறேன்."

"எப்பலேர்ந்து?"

"உங்களுக்குப் பல்லு போனதுலேர்ந்து."

"என் சாண்ட்விச்சுல கடலை கிடலை போடக்கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"சொன்னீங்க. அதான் பல்லு போற வரைக்கும் காத்திருந்தேன்."

"அப்ப இந்தக் கூட்டம்?" என்று கேட்டார் அவர், சுரத்தில்லாமல். தபால்காரர் மேலே மின்விசிறியைப் பார்த்தார். மற்றவர்களும் அதையே பார்த்தார்கள்.

கடைக்காரர் கையிலிருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு இன்னொரு கடி. பிறகு, அட, சிரித்தாரே ஒரு சிரிப்பு! வாய் முழுக்கப் பல் தெரிய, வயிறு குலுங்க. இத்தனைக்கும் பல் இம்மி நகரவில்லை.

"அடுத்து யாரு? எங்க வீட்டம்மா கடலை சாண்ட்விச்! பல்லு எங்க பல்லக்கா செஞ்சது, ரெண்டும் கெட்டி!" என்று கூவினார். மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அது வியர்வை மட்டுமில்லை.

அப்பாடா என்று பல்லக்கா கல்லாவில் சாய்ந்தாள். அப்போதுதான் பசி தெரிந்தது. யாரோ அவள் கையில் ஒரு சாண்ட்விச்சைத் திணித்தார்கள்.

பழைய முதலாளி அருகில் வந்தார். அக்கம் பக்கம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"மேல் செட்டும் கீழ் செட்டும் இப்படி ஒக்காந்திருக்கே. எப்படிப் பொருத்தினீங்க?"

பொருத்தினீங்க. அவர் பட்டறையில் இருந்த காலமெல்லாம் ஏ பொண்ணு, வா, போ, நீதான். அந்த ஒரு 'ங்க' காதில் விழுந்ததும் பல்லக்காவுக்கு அப்படியொரு சந்தோஷம், வாயிலிருந்த கடலையை மெல்லக்கூட மறந்துபோனாள்.

"அறைக்கு வாங்க சார், உக்காந்து பேசலாம்" என்றாள். "வரும்போது அந்த ஸ்டூலையும் எடுத்துட்டு வந்துடுங்க. என்கிட்ட ஒண்ணுதான் இருக்கு."