மாமா கொடுத்த ஃப்ளவர்ஹார்ன்

வேங்கிக்காலில் வீடு கட்டியபோது தரைக்கு எந்த டைல்ஸ், சமையலறை எந்த மூலை, வெளிச்சுவருக்கு என்ன பெயிண்ட் என்பதையெல்லாம் அன்பரசனும் மேஸ்திரியும் வாஸ்து பார்க்க வந்தவருமே பேசி முடித்துவிட்டார்கள். அன்பரசனின் மனைவி இனியா கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஹாலின் வடக்குச் சுவரை ஒட்டி, அஞ்சடி நீளத்தில் ஒரு மீன் தொட்டி.

"தொட்டி உன்னுது. அதுல நான் தலையிடவே மாட்டேன்" என்று அன்பரசன் வாக்குக் கொடுத்தான்.

வாடகை வீட்டில் ஜன்னலோரம் சின்னக் கண்ணாடித் தொட்டியில் கப்பி மீன் வளர்த்தவள் அவள். பெரிய தொட்டியில் சிக்லிட் இன வண்ண மீன்கள் விட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. வேலை பார்க்கும் கலெக்டர் ஆபீசில் மதிய இடைவேளை முழுக்க அதைப் பற்றித்தான் படித்தாள். அழகாக இருக்கிறதே என்று கண்டதையும் சேர்த்துவிட முடியாது, சிக்லிட் மீன்களுக்குத் தன் இடம் என்ற நினைப்பு ஜாஸ்தி என்பது படிக்கப் படிக்கப் புரிந்தது. வீட்டு போர் தண்ணீரோ குழாயெல்லாம் வெள்ளை படிய வைக்கும் கடினத் தண்ணீர். தென் அமெரிக்க மீன்களில் பல அதில் வாடிப்போகும். ஆனால் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன்களுக்கு அதுதான் சொந்த ஊர்த் தண்ணீர் மாதிரி. மஞ்சள் மீன்கள் ஒரு கூட்டம், நீல மீன்கள் ஒரு கூட்டம் என்று முடிவு செய்தாள். இரண்டும் விரல் நீளம், பாறையை ஒட்டி வாழ்பவை. கல் நிறைய வேண்டும், ஒளிந்துகொள்ளப் பொந்து வேண்டும், எல்லாவற்றையும் ஒரே நாளில் விட வேண்டும். முன்னால் வந்தது பின்னால் வந்ததை விரட்டும்.

கறுப்புக் கற்களைக் கழுவி அடுக்கினாள். தண்ணீர் பக்குவப்படுவதற்காக மீன் விடாமல் ஃபில்டரை மட்டும் ஓடவிட்டாள். அங்கிருந்துதான் தொல்லை தொடங்கியது.

வீடு பார்க்க வந்த ஒவ்வொருவரும் கேட்டார்கள். "இன்னாமா, வெறும் தண்ணி ஓடுது?" இனியா சொன்ன விளக்கத்தை யாரும் முழுதாகக் கேட்கவில்லை. அன்பரசனுக்குத்தான் கூச்சமாக இருந்தது. ஒருநாள் மாலை அவள் ஆபீசிலிருந்து வந்தபோது, தொட்டியில் இரண்டு ஏஞ்சல் மீன்கள் தாவணியை விரித்த மாதிரி துடுப்பை விரித்துக்கொண்டு நின்றன.

"சும்மா அழகுக்குத்தான். அதுவும் சிக்லிட்டு தானாமே? கடைக்காரர் எல்லாத்தோடயும் ஒத்துப்போவும்னார்."

"அதுக்கு இந்தத் தண்ணியே ஒத்துக்காதுங்க. தலையிட மாட்டேன்னு சொன்னீங்களே?"

"ரெண்டு மீனுக்கு இவ்ளோ கோவமா?"

அந்தக் கோபம் ஆறுவதற்குள் அன்பரசனின் அண்ணன் அப்பாதுரை வந்தார். அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரம் சோடாக் கடை வைத்திருப்பவர். கையில் காற்று நிரப்பிய பெரிய பிளாஸ்டிக் பை. அதற்குள் உள்ளங்கை அகலத்தில், நெற்றி புடைத்த சிவப்பு மீன் ஒன்று எல்லோரையும் முறைத்துக்கொண்டிருந்தது.

"ஃப்ளவர்ஹார்ன்மா. மண்டை பெருசாவ பெருசாவ வீட்டுக்கு ராசி. புது வூட்டுக்கு என் கையால ஒண்ணு இருக்கட்டும்."

"மாமா, இது தனியா வாழுற மீன். கூட எது இருந்தாலும் அடிச்சிடும்" என்றாள் இனியா.

"இவ்ளோ பெரிய தொட்டி. ஒரு ஓரமா கெடக்கப் போவுது."

அன்பரசன் அவளைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினான். அவள் சமையலறைக்குள் போனாள். வெளியே தண்ணீரில் ஏதோ விழும் சத்தமும் அண்ணனும் தம்பியும் சிரிக்கும் சத்தமும் கேட்டன. மறுநாள் ஏஞ்சல் மீன்களின் செதில்கள் ஃபில்டர் வாயில் ஒட்டிக்கொண்டிருந்தன.

திருப்பிக் கொடுக்கலாம் என்றால் அன்பரசன் ஒத்துக்கொள்ளவில்லை. "அண்ணன் ஆசையா குடுத்தது. மூஞ்சில அடிச்ச மாதிரி ஆயிடும். நடுவுல தடுப்பு போட்டுக்கலாமே?" என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான். அவனே ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பலகை வாங்கி வந்து, அளவு பார்த்து அறுத்துச் செருகினான். பாதித் தொட்டி சிவப்பு மீனுக்கு. மீதிப் பாதியில் கற்களை நெருக்கி அடுக்கி, இனியா தன் மஞ்சள் மீன்களை மட்டும் விட்டாள். நீல மீன்களுக்கு இடம் போதவில்லை.

மஞ்சள் மீன்கள் கல்லிடுக்கை விட்டு வெளியே வரவேயில்லை. சிவப்பு மீன் நாள் முழுக்கத் தடுப்பில் நெற்றியை மோதியது. டிவி பார்த்தாலும் டொக், சாப்பிட்டாலும் டொக்.

ஒரு பௌர்ணமியன்று கதை முடிந்தது. ஆபீசுக்கு விடுமுறை. காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பியவள் கதவைத் திறந்ததும் தொட்டியைத்தான் பார்த்தாள். தடுப்புக்கு அடியில் இருந்த மணலை வாயால் வாரி வாரித் தள்ளியே குழி பறித்திருந்தது அந்த மீன். பலகை ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. ஒரேயொரு மஞ்சள் மீன் மட்டும் கிழிந்த வாலோடு ஹீட்டருக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டிருந்தது. மற்றவை இல்லை.

காய்கறிப் பையை அப்படியே தரையில் வைத்துவிட்டு இனியா அப்பாதுரைக்கு போன் போட்டாள்.

"மாமா, உங்க மீனை எடுத்துட்டுப் போங்க."

"பௌர்ணமிமா இன்னைக்கு. கடையில நிக்க எடமில்ல. அடுத்த வாரம் பாக்கலாம்."

"வேணாம். நானே கொண்டாரேன்."

அன்பரசன் வெளியே போயிருந்தான். அவனுக்காக அவள் காத்திருக்கவில்லை. மூடி போட்ட பக்கெட்டில் மீனை வலையால் பிடித்துப் போட்டு, பேட்டரியில் ஓடும் சின்ன காற்று மோட்டாரை மாட்டி, ஸ்கூட்டியின் கால் வைக்கும் இடத்தில் வைத்துக் கிளம்பினாள். பாதி வழியிலேயே தடுப்புக் கட்டை. பௌர்ணமியில் வண்டி விடமாட்டார்கள் என்பது இந்த ஊரிலேயே வளர்ந்த அவளுக்குத் தெரியாதா என்ன? ஆத்திரத்தில் மறந்துபோயிருந்தது. வண்டியை ஓரமாக விட்டுவிட்டு பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

ஊரே மலையைச் சுற்றி ஒரு பக்கமாக வர, அவள் மட்டும் எதிர்ப்பக்கம் போனாள். "எதிர்ல வராதமா!" என்று தோளில் இடித்தார்கள். பக்கெட்டின் கம்பி உள்ளங்கையை அறுத்தது. உள்ளே மீன் திரும்பும்போதெல்லாம் மூடி இடுக்கிலிருந்து தண்ணீர் தெறித்துச் சுடிதார் நனைந்தது. வெளியூர் அம்மாள் ஒருத்தி வழிமறித்து, "அபிஷேகத் தண்ணியாம்மா? கொஞ்சம் தலையில தெளிச்சு விடு" என்று குனிந்து நின்றாள்.

"மீன் தண்ணிங்க" என்றாள் இனியா. சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அந்த அம்மாள் பயந்துபோய் விலகினாள்.

சோடாக் கடையில் கூட்டம் மொய்த்தது. அப்பாதுரையின் மனைவி பாஞ்சாலைதான் அவளை முதலில் பார்த்தாள். "அய்யோ, இன்னாடி இது கோலம்?" என்று பக்கெட்டை வாங்கி வைத்து, கடைக்குப் பின்னால் உட்கார வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டே அப்பாதுரை வந்தார். அவர் முகம் சுருங்கியிருந்தது.

"குடுத்ததைத் திருப்பிக் கொண்டாந்துட்ட இல்ல?"

"எல்லா மீனையும் தின்னுடுச்சு மாமா."

"நான் குடுத்தது ஒரு மீனுதான?" அவர் குரல் தணிந்தது. "வூடு கட்டுனீங்க. கல்லு எது, கதவு எதுன்னு ஒரு வார்த்தை என்னைக் கேட்டானா உன் புருசன்? அந்த வூட்ல என்னுதுன்னு ஒண்ணு இருக்கட்டும்னு பாத்தேன்."

இனியா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "என்னையும்தான் கேக்கல மாமா. அந்தத் தொட்டி ஒண்ணுதான் நான் கேட்டது. அதுலயும் ஆளாளுக்குக் கை வெச்சிட்டீங்க."

அப்பாதுரை பக்கெட்டின் மூடியைத் திறந்து பார்த்தார். கடையில் யாரோ சோடா கேட்டுக் கூப்பிட்டார்கள். பாஞ்சாலைதான், "கேட்டுட்ட இல்ல? போய் மாட்டுத் தொட்டியைக் கழுவு" என்று புருஷனை அனுப்பினாள். மாடு விற்ற பிறகு சும்மா கிடந்த சிமெண்ட் தொட்டியில் அவரே தண்ணீர் நிரப்பினார். மீன் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு எல்லோரையும் முறைத்தது.

"இது கூட வேற எதையும் உட்றாதீங்க மாமா. ஒண்டியாவே இருக்கட்டும்."

"உடலமா, உடல."

இரண்டு நாள் கழித்து போன் வந்தது. "பாவம், தனியா கெடக்குதேன்னு ரெண்டு கோல்டு ஃபிஷ் உட்டேன். காணமே இனியா?" அவள் போனை அன்பரசனிடம் நீட்டினாள். அவன் எழுந்து வாசலுக்குப் போய், "அண்ணே, அவதான் சொன்னாளே" என்று முதல்முறையாகக் குரலை உயர்த்துவது உள்ளே கேட்டது.

அடுத்த மாதம் மஞ்சளும் நீலமுமாக மீன்கள் ஒன்றாகத் தொட்டியில் இறங்கின. வால் கிழிந்திருந்த பழைய மஞ்சள் மீனும் தேறி அவற்றோடு சேர்ந்துகொண்டது. எல்லாம் படித்தபடியே செய்திருந்தாள். இருந்தும் பெரிய நீல ஆண் ஒன்று நடுக்கல்லைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்ததையெல்லாம் துரத்தியது. இனியா தொட்டிக்கு முன் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப ஒத்துப்போச்சா?" என்று அன்பரசன் கேட்டான்.

"எங்க ஒத்துப்போச்சு? கல்லையெல்லாம் மறுபடி மாத்தி அடுக்கணும். இடம் குழம்பினாதான் அது அடங்கும்." அவள் எரிச்சலோடு சுடிதார்க் கையை மடித்துவிட்டுக்கொண்டாள்.

அன்பரசன் சட்டைக் கையைச் சுருட்டினான். "எந்தக் கல்லை எடுக்கணும்? நீ சொல்லு."

"அந்தப் பெரிய கல்லு. மெதுவா. கீழ ஒண்ணு ஒளிஞ்சிருக்கு."