எட்டாவது கேமரா

ஆம்பூர் பைபாஸ் ஓரத்தில் இருந்த ஒரு ஷூ கம்பெனியில் பெர்சிஸ் நெட்வொர்க் அட்மினிஸ்ட்ரேட்டராக இருந்தாள். 2007-ல் அந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் அந்த வேலைக்குப் பெண்கள் வருவது அபூர்வம். பிரசவம் முடிந்து, கைக்குழந்தையைச் சத்துவாச்சாரியில் அம்மாவிடம் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பியிருந்தாள். காலையில் கம்பெனி வேன் ஏறினால் வீடு திரும்ப இருட்டிவிடும். மதியத்துக்குள் மார்பில் பால் கட்டிக்கொண்டு, கையைத் தூக்க முடியாமல் வலிக்கும்.

கம்பெனியில் ஒரு பெண் உள்ளே தாழிட்டுக்கொண்டு உட்காரக்கூடிய ஒரே இடம் சர்வர் ரூம்தான். சாவி பெர்சிஸிடம். சாப்பாட்டு நேரத்தில் அங்கே பம்ப் வைத்துப் பாலை எடுத்து, ஐஸ் போட்ட பிளாஸ்கில் ஊற்றி வைப்பாள். ஏற்றுமதிப் பிரிவில் இருந்த ஜெமியும் அப்போதுதான் பிரசவ லீவு முடிந்து வந்திருந்தாள். ஒருநாள் அவள் கண் சிவந்து பாத்ரூமிலிருந்து வெளியே வந்தபோது பெர்சிஸ் பார்த்துவிட்டாள்.

"இந்த நாத்தத்துல நின்னுக்கிட்டா பீச்சுற? என் ரூமுக்கு வாயேன் ஜெமி."

"யாராவது வந்துட்டா இன்னாக்கா பண்றது?"

"என்னை மீறி அங்க ஒருத்தரும் வரமாட்டாங்க."

அன்றிலிருந்து இருவரும் மாறி மாறி அந்த அறையைப் பயன்படுத்தினார்கள்.

அந்தச் சமயத்தில் குடோனிலிருந்து தோல் திருடு போய்க்கொண்டிருந்தது. கேமரா மாட்டலாம் என்று முடிவானது. எந்த வகை வாங்குவது என்று நிர்வாக மேனேஜர் ரத்தினசாமி பெர்சிஸிடம்தான் கேட்டார். மலிவான கேமராக்களுக்குப் படத்துக்கு ஒரு ஒயர், கரண்டுக்கு ஒரு ஒயர் என்று சுவரெல்லாம் பைப் இழுக்க வேண்டும். இன்னொரு வகைக்கு நெட்வொர்க் கேபிள் ஒன்றே போதும். கரண்டும் அதிலேயே போய்விடும். விலைதான் ஜாஸ்தி.

"இதையே வாங்கலாம் சார். பிளக் பாயிண்ட்டே வேணாம். கேபிள் போற இடத்துல எங்க வேணா மாட்டிக்கலாம்" என்றாள் பெர்சிஸ். கேபிள்களெல்லாம் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்சையும் அதற்கேற்றபடி அவளே தேர்ந்தெடுத்தாள். நல்ல சாமானைத் தேர்ந்தெடுத்த திருப்தி அவளுக்கு இருந்தது. எட்டு கேமரா வந்தது. குடோனிலும் கேட்டிலுமாக ஏழு கேமராவை மாட்டினார்கள். ஒன்று ஸ்பேராக இருக்கட்டும் என்று ரத்தினசாமி தன் பீரோவில் வைத்துக்கொண்டார்.

இரண்டு மாதம் போயிருக்கும். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கு மெயில் போக நேரமாகிறது என்று ஏற்றுமதிப் பிரிவில் புகார் சொன்னார்கள். பெர்சிஸ் சர்வர் ரூமில் உட்கார்ந்து, எந்த கேபிளில் எவ்வளவு டேட்டா போகிறது என்று கம்ப்யூட்டரில் ஸ்விட்சின் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். கேபிளே செருகாமல் காலியாக இருக்க வேண்டிய ஒரு போர்ட்டில் இடைவிடாமல் ஏதோ போய்க்கொண்டிருந்தது. அதன் முகவரியை பிரவுசரில் தட்டினாள். பாஸ்வேர்ட் கேட்டது. மற்ற கேமராக்களுக்கு வைத்ததையே போட்டாள். திறந்துகொண்டது.

திரையில், மேலிருந்து எடுத்த படம். ஒரு பெண்ணின் தலைவகிடு, நீலப் புடவைத் தோள், மேஜைமேல் பிளாஸ்க். பெர்சிஸ் தலையை நிமிர்த்தினாள். ஒரு கணம் கழித்து, படத்தில் இருந்த பெண்ணும் நிமிர்ந்தாள்.

ஏ.சி. ஒழுகுகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அறைக்கு ஆள் வந்து ஃபால்ஸ் சீலிங் பலகைகளைக் கழற்றி மாட்டியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நாற்காலிமேல் ஏறிப் பலகையைத் தள்ளி, கேமராவைக் கேபிளோடு பிடுங்கினாள். அதைக் கையில் எடுத்துக்கொண்டே ரத்தினசாமியின் அறைக்குப் போனாள்.

"இது யார் சார் வெச்சது?"

அவர் கேமராவைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ரெண்டு கம்ப்யூட்டர்ல மெமரி சிப்பு காணாமப் போச்சில்லம்மா. செக்யூரிட்டிக்காக வெச்சது."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சந்தேகப்படறவங்ககிட்டயே சொல்லிட்டு வெப்பாங்களா?"

"அங்க நாங்க இன்னா பண்றோம்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"அது கம்பெனி ரூமு. அங்க நீங்க இன்னா பண்றீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒருத்தரும் பாக்கல. பழசெல்லாம் தானா அழிஞ்சிடும். போய் வேலையப் பாரும்மா."

பெர்சிஸ் தன் இடத்துக்கு வந்து, அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டைப் போட்டு நெட்வொர்க் வழியாக அவருடைய கம்ப்யூட்டருக்குள் நுழைந்தாள். பழைய பதிவுகள் உண்மையிலேயே அழிந்திருந்தன. ஆனால் சாப்பாட்டு நேரப் பதிவுகள் மட்டும் அழியவில்லை. யாரோ பொறுக்கி எடுத்துத் தனி ஃபோல்டரில் வைத்திருந்தார்கள். பாதிக்கு மேல் ஜெமியுடையவை. அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு பென் டிரைவ் செருகப்பட்ட தடயமும் இருந்தது. அதில் எதை ஏற்றினார்கள் என்று கண்டுபிடிக்க வழியில்லை.

ஜெமியைச் சர்வர் ரூமுக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னாள். ஜெமி முதலில் கூரையைத்தான் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துக் கழுத்துவரை போர்த்திக்கொண்டாள்.

"போலீசுக்குப் போலாம் ஜெமி. ஃபோல்டர் அப்படியே இருக்கு. அதான் சாட்சி."

"அங்க போனா அவங்க பாக்கமாட்டாங்களாக்கா? ஸ்டேஷன்ல எல்லாரும் உக்காந்து பாப்பாங்க. என் வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா நான் செத்தேன். அழிச்சிடுக்கா. இப்பவே அழிச்சிடு."

"அழிச்சிட்டா நம்மகிட்ட ஒண்ணும் இருக்காது."

"நீதானே கம்ப்யூட்டர் ஆளு? உனக்குத் தெரியாம எப்படிக்கா வந்துச்சு? யாரும் வரமாட்டாங்கன்னு நீதானே சொன்ன?"

பெர்சிஸ் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். ஜெமி அவள் பின்னாலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்க, ஒவ்வொன்றாக, மீட்க முடியாதபடி அழித்தாள். முடிந்ததும் ஜெமி வெளியே போனாள்.

மறுநாள் முதலாளி கூப்பிட்டார். அவருடைய மேஜைமேல் ஒரு அச்சுப் பிரதி இருந்தது. மேனேஜரின் கம்ப்யூட்டரே பதிந்து வைத்திருந்தபடி, அதற்குள் பெர்சிஸ் நுழைந்த நேரமும், அங்கே அழித்தவையும் அதில் வரிசையாக இருந்தன.

"அடுத்தவங்க கம்ப்யூட்டர்ல கை வெக்கிறது தப்பில்லையாம்மா? அவரோட பிரைவசின்னு ஒண்ணு இருக்குதில்ல?"

அவள் நடந்ததையெல்லாம் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். "அந்த ரெக்கார்டிங் எங்க?" என்றார் கடைசியில். அது இல்லை. ஜெமியைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். தனக்கு எதுவும் தெரியாது, அந்த அறைக்குத் தான் போனதே இல்லை என்றாள் ஜெமி. பெர்சிஸ் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. தானாக ராஜினாமா எழுதிக் கொடுத்தால் நல்ல சர்டிஃபிகேட் கிடைக்கும் என்றார்கள். எழுதிக் கொடுத்தாள்.

அவளுடைய கணவன் ஆலன் பள்ளிக்கூட வாத்தியார். அவள் சொன்னதைக் கேட்டான். பிறகு, "சர்ச்சுல யாருக்கும் தெரிய வேணாம் பெர்சிஸ்" என்றான். பதிவுகளை யாராவது நகல் எடுத்தார்களா என்று அவன் கேட்கவில்லை. பென் டிரைவைப் பற்றி அவளும் சொல்லவில்லை.

அந்த வாரமே அவளுக்குப் பால் நின்றுபோனது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பயனில்லை. குழந்தைக்குப் பால் பவுடர் வாங்கினார்கள்.

ரத்தினசாமி அதே அறையில்தான் இருந்தார். ஜெமியும் வேலையை விடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மறுபடி பாத்ரூமுக்கே போகிறாள் என்று வேனில் வரும் ஒருத்தி சொன்னாள். பெர்சிஸ் இரண்டு முறை போன் செய்தும் எடுக்கவில்லை.

நான்கு மாதம் கழித்து ராணிப்பேட்டையில் ஒரு கம்பெனி இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது. போன வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டார்கள்.

"வீட்டுக்குத் தூரம் சார்" என்றாள்.