கீழ்ப்பேனலின் நான்காவது கோரிக்கை

முதல் அநீதி, பேனலைக் கேட்காமல் இடமாற்றம் செய்தது. பதினொரு வருடத்துக்கு முன்னால் கணினித் திரையின் உச்சியில் பணிக்குச் சேர்ந்த பேனல் என்ற மெனுப் பட்டையை, சங்கத்தை நடத்தும் தோழர் ஆறுக்குட்டிக்குக் கழுத்து வலி என்ற ஒரே காரணத்துக்காக, முன்னறிவிப்பின்றி அடியில் இழுத்துப் போட்டார்கள். இரண்டாவது, ஒளிந்துகொள்ளும் முறை. மௌஸ் நெருங்கினால் எழுந்து வர வேண்டும், விலகினால் மறைந்துவிட வேண்டும். எந்தப் பஞ்சாலையிலும் எந்தத் தொழிலாளியையும் இப்படி நடத்தியதில்லை. மூன்றாவது, மே தினம். ஊருக்கெல்லாம் விடுமுறை கேட்டு எழுதிய நோட்டீஸை மே தினத்தன்றே பேனலை வைத்து அடித்தார்கள். பதினொரு மே தினமும் அப்படித்தான். நான்காவது, அறுபத்து மூன்று நாள் போராட்டம் வென்ற அன்று ஆலை வாசலில் இருநூற்றுப் பன்னிரண்டு பேரின் பெயரும் தகப்பனார் பெயரோடு வாசிக்கப்பட்டது. பேனலின் பெயர் வாசிக்கப்படவில்லை.

இவற்றை வரிசை பிறழாமல் எழுதித் திரையின் அடியில் ஒட்டிவிட்டு, சங்க அலுவலகக் கணினியின் பேனல் திங்கட்கிழமை காலை வேலைநிறுத்தத்தில் இறங்கியது. தன் மெனுக்களையும் மூலையிலிருந்த கடிகாரத்தையும் கூட்டிக்கொண்டு மாடிப்படி இறங்கி, சாலையைக் கடந்து, எதிர் பேக்கரியின் பெஞ்சில் நீளமாக உட்கார்ந்துகொண்டது. பேக்கரிக்காரர் வெயில் படாமல் ஒரு தார்ப்பாய் கட்டிக்கொடுத்தார்.

ஆறுக்குட்டி நோட்டீஸை இரண்டு முறை படித்தார். நடை அவருடையது. நாற்பத்தாறு வருடமாக அவர் எழுதிவரும் நடை. மூன்று முறை சிறை சென்றவர். சங்கம் இரண்டு முறை உடைந்ததைப் பார்த்தவர். உடைந்த ஒவ்வொரு முறையும் போனவர்கள் நல்ல நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நோட்டீஸ் எழுதத் தெரிந்தவர் மட்டும் மிஞ்சினார். எந்த முதலாளிக்கும் சொந்தமில்லாதது என்பதற்காகவே கணினிக்கு லினக்ஸ்தான் வேண்டும் என்று பொதுக்குழுவில் சண்டை போட்டு வாங்கியவரும் அவர்தான். நோட்டீஸில் ஒரு சொல்லைக்கூட அவரால் அடித்துத் திருத்த முடியவில்லை.

பதினொரு மணிக்கு மாராத்தாள் வந்தாள். பக்கத்து மிஷின்காரியை அநியாயமாக நிறுத்தியபோது, அவள் ஓட்டிய மிஷினை ஓட்ட மறுத்ததற்காக இவளையும் ஆலையிலிருந்து நீக்கியிருந்தார்கள். அவளுடைய மேல்முறையீட்டு மனு பதினெட்டுப் பக்கம். அது கணினிக்குள் இருந்தது. தொழிலாளர் அலுவலகத்தில் கொடுக்க அன்று மாலை ஐந்து மணி வரைதான் கெடு. ஐந்து தாண்டினால் அவளுடைய பதினான்கு வருட சர்வீஸ் போய்விடும்.

"ஏனுங் தோழரே, பேனலு பேக்கரில உக்காந்திருக்குது. சண்டையா?"

"வேலைநிறுத்தம். நிர்வாகத்தோட ஒத்துவரலையாமா."

"நிர்வாகம் யாருங்க?"

ஆறுக்குட்டி மேசையைப் பார்த்தார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தது அவருடைய நாற்காலி ஒன்றுதான்.

திரையில் மாநாட்டுப் படம் மட்டும் இருந்தது. எதைத் திறக்கவும் வழியில்லை. கணினி பழுது பார்க்கும் சாதிக்கை வரவழைத்தார்கள். அவன் நின்றபடியே பார்த்தான்.

"இதுக்கா இத்தனை முகவாட்டம்? கண்ட்ரோல், ஆல்ட், டி. கருப்பு ஜன்னல் வரும். ரீசெட்னு ஒரே வரி. புதுப் பேனல் வந்துரும், மெனுவெல்லாம் பளபளன்னு."

"பழசு?"

"அப்புறம் அதுக்கு இங்க இடமில்ல, தோழர்."

சாதிக் அந்த வரியை அடித்தான். என்டரை மட்டும் அழுத்தவில்லை. அதற்குள்ளேயே புதுப் பேனல் மாடிப்படியில் வந்து நின்றது, கசங்காத சட்டையும் கையில் டிபன் பாக்ஸுமாக. வேலை இருக்கிறது என்று கூப்பிட்டார்கள், வந்தது. அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

"அழுத்தட்டுங்களா? இல்லாட்டி, பேனலே வேண்டாம், இந்தக் கருப்பு ஜன்னல்லயே மனுவத் தேடி எடுத்துத் தரட்டுமா?"

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் ஆறுக்குட்டி. "வெளிய நிக்கறவன் வேலைய உள்ள வேற கை செய்யறது. நாப்பத்தாறு வருசத்துல ஒரு கருங்காலியக்கூட நான் வாசல் தாண்ட விட்டதில்ல."

சொல்லிவிட்டு மாராத்தாளைப் பார்த்தார். பெருமை அவருடையது, வேலை அவளுடையது. மணி ஒன்றே கால்.

"என்னைய எதுக்குப் பாக்கறீங்க?" என்றாள் அவள். "அடுத்தவ மிசின ஓட்டமாட்டேன்னுதானே நானே தெருவுல நிக்கறேன். அந்த மனுவயே இப்படி எடுத்தா, மொத பக்கத்துல இருக்கறது பொய்யாப் போயிருமில்ல?"

சாதிக் அடித்த வரியை எழுத்தெழுத்தாக அழித்தான். ஆறுக்குட்டி படிக்குப் போய், "இன்னைக்கு வேலையில்ல கண்ணு, கோவிச்சுக்காத, டீ குடிச்சிட்டுப் போ" என்று புதுப் பேனலை அனுப்பினார். அது பேக்கரிக்குப் போய் டீ குடித்து, நோட்டீஸின் நகலைப் படித்துவிட்டு, பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டது.

மாராத்தாளும் பின்னாலேயே சாலையைக் கடந்தாள்.

"எந்த மில்லு?" என்று கேட்டது பேனல். சொன்னாள். "எதுக்கு நிறுத்துனாங்க?" அதையும் சொன்னாள். "ரீசெட் அடிச்சாங்களா?"

"கை வச்சாங்க. என்டர் அடிக்கல."

பேனலும் மெனுக்களும் கூடிப் பேசின. அறுபத்து மூன்று நாள் போராட்டத்தில் பால் வண்டிக்கும் ஆம்புலன்ஸுக்கும் விலக்கு அளித்துக் கடிதம் எழுதியவர் ஆறுக்குட்டி. அந்தக் கடிதத்தைத் திறந்து கொடுத்தது கோப்பு மெனு. ஆகவே முன்னுதாரணம் இருந்தது. ஒரு மனுவுக்கு மட்டும் விலக்கு என்று முடிவானது.

கருப்புப் பட்டை குத்திக்கொண்டு பேனல் மாடியேறியது. நேராகப் போய்த் திரையின் அடியில் படுத்தது, கோப்பு மெனுவை எழுப்பியது, பதினெட்டுப் பக்கமும் அச்சாகும் வரை அசையாமல் இருந்தது. பிறகு எழுந்து மறுபடி பெஞ்சுக்குப் போனது. கதவருகே மட்டும் ஒரு நொடி நின்றது.

"கழுத்து வலி தேவலைங்களா?"

"பரவால்ல" என்றார் ஆறுக்குட்டி.

மாராத்தாள் பஸ்ஸைப் பிடித்தாள்.

மூன்று மணிக்குப் பேச்சுவார்த்தை. ஆறுக்குட்டி அந்தப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே பேனல் சார்பில் கோப்பு மெனு.

"நிர்வாகத்துக்கு வணக்கம்" என்றது மெனு.

"அப்படிக் கூப்புடாத."

"சரிங்க நிர்வாகம்."

"சங்கத்தோட நெலமை உங்களுக்குத் தெரியாததில்ல..."

"இதே வரியத்தானுங்க அன்னைக்கு மில்லு முதலாளியும் சொன்னாரு. அதக் கண்டிச்சு நீங்க எழுதுன நோட்டீஸ நாந்தான் தெறந்து குடுத்தேன். ஒத்த வெரல்ல மூணு மணி நேரம் அடிச்சீங்க."

ஆறுக்குட்டி சிரித்துவிட்டார். அதன் பிறகு எதுவும் கஷ்டமாக இல்லை. மே தினம் விடுமுறை. ஒளிந்துகொள்ளும் முறை ரத்து. இடமாற்றக் கோரிக்கையைப் பேனலே திரும்பப் பெற்றது: உச்சிக்குப் போனால் அவர் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கும். மிச்சமிருந்தது நான்காவது.

பீரோவிலிருந்து பழைய பெயர்ப் பட்டியலை எடுத்தார். இருநூற்றுப் பன்னிரண்டுக்குக் கீழே ஒரு வரி காலியாக இருந்தது. டோக்கன் எண்ணை அவர் எழுதினார். பெயர், தகப்பனார் பெயர் இரண்டையும் பேனலே நிரப்பட்டும் என்று தாளைப் பெஞ்சுக்கு அனுப்பினார்.

ஐந்தரைக்கு மாராத்தாள் முத்திரை விழுந்த நகலோடு வந்து இறங்கினாள். நாலே முக்காலுக்கே கொடுத்துவிட்டாளாம். சாட்சிகளாக அவள், சாதிக், பேக்கரிக்காரர், டிபன் பாக்ஸோடு புதுப் பேனல், பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பேர். ஆறுக்குட்டி பெஞ்சின் மேல் ஏறினார். எழுபத்தொரு வயதுக்கு அது உயரம். மாராத்தாள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். தாளைப் பிரித்தார். நிரப்பப்பட்ட வரியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டார்.

பிறகு, ஆலை வாசல் வரை கேட்கிற குரலில் வாசித்தார்.

"டோக்கன் எண் இருநூற்றுப் பதிமூன்று. பெயர், சென்னியப்பன். தகப்பனார் பெயர், ஆறுக்குட்டி."