போறேன்னு சொல்லாதே

"போறேன்" என்றாள் என் மகள்.

பையை மாட்டிக்கொண்டு, வாசற்படியில் நின்று, என் முகத்தைப் பார்த்தே சொன்னாள். அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று அவளுக்குத் தெரியும். வர வேண்டும் என்றுதான் சொன்னாள்.

"போயிட்டு வர்றேன்னு சொல்லுடி."

"போறேன்."

"காலங்காத்தால என்ன பேச்சு இது? வாயில நல்ல வார்த்தையே வராதா?"

"பொய் சொல்லக் கூடாதுன்னு நீதானே சொன்னே? வரணும்னு ஆசை இருந்தாத்தானே வர்றேன்னு சொல்லணும். இது என்ன நம்ம வீடா? வேற போக்கிடம் இல்லை, அதனால சாயங்காலம் இங்க வர்றேன். அவ்ளோதான்."

பத்து வயது. வக்கீல் என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் வீட்டில் அவளிடம் வாதாடி ஜெயித்தவர் இதுவரை யாரும் கிடையாது. அவளுக்குப் பின்னால் தம்பி வாண்டு, "போயிட்டு வர்றேன், போயிட்டு வர்றேன்" என்று அக்காவுக்கும் சேர்த்து இரண்டு தடவை சொல்லிவிட்டுப் படியிறங்கினான். அவனுக்கு எந்த ஊரும் சொந்த ஊர்தான். விமானத்தை விட்டு இறங்கிய மறுநாளே தெருவில் எதிர்ப்பட்ட நாய்க்கெல்லாம் பெயர் வைத்துவிட்டான்.

இந்த ஊருக்கு இவர்களை இழுத்துக்கொண்டு வந்தவள் நான். கிளம்பும்போது பார்த்தவர்கள் எல்லாம் "வீட்டுக்காரருக்கு வெளிநாட்டுல வேலையா?" என்றே கேட்டார்கள். இல்லை அம்மா, வேலை எனக்கு. நான் பல் செய்கிறவள். டாக்டர் இல்லை. டாக்டர் வாயில் அளவெடுத்து அனுப்புவார். நாங்கள் லேபில் உட்கார்ந்து மெழுகில் செதுக்கி, பீங்கான் மாவைப் பூசிப் பூசிச் சுட்டு, பக்கத்துப் பல்லோடு நிறம் சேர்த்துக் கொடுப்போம். முன்பல்லின் நுனியில் மட்டும் லேசாக ஒரு கண்ணாடித்தனம் இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? அதைக் கொண்டுவருவது சாமானியம் இல்லை. எனக்கு அது கைவந்த வேலை. பழைய லேபில் மூட்டை மூட்டையாகப் பல் தள்ள வேண்டும். நுனியாவது ஒன்றாவது! இங்கே ஒரு முன்பல்லுக்கு அரை நாள் தருகிறார்கள். செய்து முடித்ததைக் கையில் வைத்துப் பார்க்கும்போது எனக்கே என்மேல் பொறாமையாக இருக்கிறது.

"பாஷை தெரியாத ஊர்ல உனக்கு வாயைத் திறக்க வழியில்லை. ஆனா அடுத்தவங்க வாயை வெச்சுத்தான் பொழைப்பு" என்பார் என் வீட்டுக்காரர். அவர் ஊரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்த்தவர். இங்கே காலையில் பாஷை வகுப்பு, மதியத்துக்கு மேல் சமையல். என் அண்ணன் போனில் "மாப்பிள்ளை, இன்னைக்கு எத்தனை விசில்?" என்று சீண்டினால், "இங்க விசில் அடிச்சா கீழ் வீட்ல பயப்படறாங்க மச்சான், மெதுவா அடிக்கச் சொல்லியிருக்கேன்" என்பார். மனிதர் கோபப்பட்டே நான் பார்த்ததில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பட்டுவிடுகிறேன்.

பிரச்சினை வக்கீல்தான். விமான நிலையத்தில் ஒரு தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வர மாட்டேன் என்றாள். பின்னால் அத்தனை பேர் நிற்கிறார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "உனக்குப் பிடிக்கலைன்னா திரும்பிடலாம்டி. அம்மா சத்தியம்" என்று சொல்லிவிட்டேன்.

"எப்போ?"

"வேலையில மேற்கொண்டு இருக்கச் சொல்றப்போ உன்னைக் கேட்பேன். நீ வேணாம்னா வேணாம்."

வாய்க்கு வந்ததைச் சொல்கிறோம் என்று எனக்கே தெரியும். ஆனால் அவள் தூணை விட்டாள். அன்றிலிருந்து இன்றுவரை தன் பெட்டியைக் காலி செய்யவே இல்லை. துணி துவைத்துக் காய்ந்ததும் அலமாரிக்குப் போகாது. மடித்து மறுபடியும் பெட்டிக்குள்தான் போகும்.

அந்தக் கேட்கிற நாளும் வந்துவிட்டது. லேப் முதலாளி என் மேசைக்கு வந்து, நான் செய்த கடைவாய்ப்பல்லை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னும் மூணு வருஷம் இருப்பீங்களா? அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க" என்றார். இருக்க வேண்டும். இதில் எனக்கு என்ன வெட்கம்? இந்த வேலை எனக்கு வேண்டும். கூடப் பிறந்தவர்கள், கூட வேலை செய்தவர்கள் யாரும் கொடுக்காத மரியாதையை இந்த வேலை கொடுத்தது. ஆனால் பிள்ளையிடம் சத்தியம் செய்துவிட்டு, பிறகு பெரியவள் என்கிற திமிரில் அதை மீற என்னால் முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு அவள் பதிலைக் கேட்டே ஆக வேண்டும்.

இந்த நேரம் பார்த்துத்தான் கீழ் வீட்டுக்காரி எங்களை ஞாயிற்றுக்கிழமை கேக் சாப்பிடக் கூப்பிட்டாள். அவள் பஸ் டிரைவர். நல்ல உயரம். கையில் இருக்கிற கடிகாரத்தைப் பார்க்காமல் எதுவும் பேச மாட்டாள். அவளுடைய மகள் வக்கீலின் வகுப்புதான். முகமெல்லாம் புள்ளி புள்ளியாக இருக்கும், அதனால் எங்களுக்கு அவள் புள்ளிக்காரி. போனதும் இரண்டு பெண்களும் உள் அறைக்குள் மறைந்துவிட்டார்கள். நாங்கள் சிரித்துச் சிரித்தே கன்னம் வலிக்க உட்கார்ந்திருந்தோம். பாஷை இல்லாதபோது வேறு என்ன செய்வது?

கிளம்பும் நேரம் வந்தது. வக்கீல் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் முதலிலேயே மாடிக்கு ஏறிவிட்டாள். எனக்கோ வயிறாரச் சாப்பிட்ட இடத்தில் வெறுமனே கையை ஆட்டிவிட்டு வர மனசு வரவில்லை. போவது, வருவது, இரண்டுக்கும் அவர்கள் பாஷையில் சொல் தெரியும். இரண்டையும் கோர்த்து, "நாங்கள் போய் வருகிறோம்" என்று அழகாகச் சொன்னேன். வீட்டுக்காரர் கை கூப்பி அதையே சொன்னார். வாண்டும் சொன்னான். கீழ் வீட்டுக்காரி கடிகாரத்தைப் பார்த்து ஏதோ கேட்டாள். புரியவில்லை. புரியாவிட்டால் சிரித்துக்கொண்டு தலையாட்டுவது என் வழக்கம். "ஆமாம், ஆமாம்" என்றேன். மாடியேறும்போது, "பார்த்தீங்களா, எப்படிப் பேசினேன்!" என்று பெருமை வேறு.

மறுநாள் சாயங்காலம் வக்கீல் அழுதுகொண்டே பள்ளியிலிருந்து வந்தாள். அழுகை என்றால் அப்படி ஓர் அழுகை.

"நேத்து அவங்க அம்மாகிட்ட என்னம்மா சொன்னே?"

"போயிட்டு வர்றோம்னு சொன்னேன்."

"ஏழு மணிக்கான்னு கேட்டதுக்கு ஆமாம்னு சொன்னியா?"

நாங்கள் மாடிக்குப் போய் எதையோ எடுத்துக்கொண்டு சாப்பாட்டுக்குத் திரும்பி வருவோம் என்று அந்த அம்மாள் நினைத்துவிட்டாளாம். சூப் வைத்து, நாலு பேருக்குத் தட்டுப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். விடியற்காலையில் பஸ் எடுக்க வேண்டியவள், தூங்கப் போகாமல் காத்திருக்கிறாள்.

"கதவைத் தட்டிக் கூப்பிட வேண்டியதுதானே?" என்றார் வீட்டுக்காரர்.

"வர்றேன்னு சொன்னவங்களைப் போய்க் கூப்பிட்டா அசிங்கமா நினைப்பாங்கன்னு விட்டுட்டாங்களாம். இன்னைக்கு அவ என் பக்கத்துலயே உட்காரலை. நீங்க பொய் சொல்றவங்கன்னு சொல்லிட்டா. எனக்கு இருக்கறதே அவ ஒருத்திதான்!"

"உனக்கு ஒருத்தி இருக்காளா?" என்றேன் நான். ஆறு மாதமாக யாரையும் பிடிக்கவில்லை என்று சாதித்தவள்! கேட்டிருக்கக் கூடாது. அழுகை இன்னும் கூடியது.

"சரி, கிளம்புங்க எல்லாரும். நேர்ல போய்ச் சொல்லிடலாம்" என்றேன். வெறுங்கையோடு எப்படிப் போவது என்று வீட்டுக்காரர் அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய குக்கரை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தார்.

கீழ் வீட்டுக்காரி யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் கதவைத் திறந்தாள். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் முதுகுக்குப் பின்னால் புள்ளிக்காரி. எனக்குத் தெரிந்த சொற்களை எல்லாம் கொட்டினேன். "மன்னிப்பு. என் பேச்சு தப்பு. வருவேன். ஆனால் வர மாட்டேன்." அந்த அம்மாளின் புருவம் மேலே போனது. விஷயம் இன்னும் கெட்டுவிட்டது என்று தெரிந்தது.

வக்கீல் என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் போனாள். அப்புறம் பேசினாள் பாருங்கள்! மடமடவென்று, மூச்சு விடாமல், அவர்கள் பாஷையில். எனக்கு வாய் பிளந்துகொண்டது. வகுப்பில் எதுவுமே புரியவில்லை என்று எங்களிடம் மூக்கால் அழுதவள் இவள்தானா? அடிக் கள்ளி! பாதி எனக்குப் புரிந்தது, மீதியைப் பிறகு அவளே சொன்னாள்.

"எங்க பாஷையில யாரும் போறேன்னு சொல்ல மாட்டாங்க. அது கெட்ட வார்த்தை மாதிரி. போயிட்டு வர்றேன்னுதான் சொல்வாங்க. எங்க அம்மா அதை அப்படியே உங்க பாஷையில சொல்லிட்டாங்க."

"அப்போ, திரும்பி வர மாட்டோம்னு தெரிஞ்சவங்க என்ன சொல்வாங்க?" என்று கேட்டாள் கீழ் வீட்டுக்காரி.

"அவங்களும் அதையேதான் சொல்வாங்க."

"அது பொய் இல்லையா?"

எங்கள் வக்கீல் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நானும் சொல்லிட்டேன்" என்றாள். "ஊர்ல என் ஃபிரெண்டுகிட்ட. நாங்க கிளம்பற அன்னைக்கு அவ வாசல் கேட் பக்கத்துலயே நின்னுக்கிட்டு இருந்தா. போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். ஆனா போகவே இல்லை. அவ இன்னும் காத்துக்கிட்டு இருப்பா."

எனக்குச் சுருக்கென்றது. தினமும் காலையில் "போறேன், போறேன்" என்று என்னைப் படுத்தினாளே, அது திமிர் இல்லை. ஒருத்தியிடம் சொல்லி ஏமாற்றிவிட்டோம், இனிமேல் அந்த வார்த்தையையே சொல்லக் கூடாது என்று பிள்ளை மனசுக்குள் வைராக்கியமாக இருந்திருக்கிறாள். பெற்றவள் நான், பக்கத்திலேயே இருந்துகொண்டு கத்தத்தான் கத்தினேன், ஏன் என்று ஒரு நாள் கேட்கவில்லை.

கீழ் வீட்டுக்காரி கட்டிய கையை அவிழ்த்தாள். முட்டி போட்டு வக்கீலின் உயரத்துக்கு உட்கார்ந்தாள்.

"நேத்து நான் காத்துக்கிட்டு இருந்தேன். சூப் ஆறிடுச்சு, எனக்குச் சரியான கோபம். ஆனா இப்போ என் வாசல்ல வந்து நிக்கறது யாரு?"

"நாங்க."

"அப்போ வந்துட்டீங்க. இதோ பாரு, எங்க டிப்போவில லேட் வேற, கேன்சல் வேற. வரவே வராத பஸ்தான் கேன்சல். எப்ப வந்தாலும் வந்துட்டா அது லேட்டுதான். நீங்க ஒரு நாள் லேட். உன் ஃபிரெண்டுக்கும் நீ லேட். அவ்ளோதான்."

வக்கீல் மூக்கை உறிஞ்சினாள். "எவ்ளோ லேட்டா வரலாம்?"

"அது டிராஃபிக்கைப் பொறுத்தது" என்றாள் அந்த அம்மாள்.

புள்ளிக்காரிதான் முதலில் சிரித்தாள். பிறகு எல்லாருமே சிரித்தோம். குக்கர் சூடு தாங்காமல் வீட்டுக்காரர் காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தார், அவரை அப்புறம்தான் கவனித்தோம். அன்றைக்கு எங்கள் குக்கரும் அவர்களுடைய மிச்ச சூப்பும் ஒரே மேசையில் காலியாயின. வீட்டுக்கு வந்ததும் வக்கீல் ஊர்ச் சிநேகிதிக்குப் போன் போட்டு, "நான் லேட்டுடி, கேன்சல் இல்லை" என்று ஆரம்பித்தாள். அந்தப் பக்கம் என்ன புரிந்ததோ, வெகுநேரம் இருவரும் கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

இத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். வியாழக்கிழமை சாயங்காலம், துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் மெதுவாகக் கேட்டேன்.

"நாளைக்கு முதலாளிகிட்ட பதில் சொல்லணும். அம்மா சத்தியம் பண்ணியிருக்கேன். என்ன சொல்லட்டும்?"

"யோசிக்கணும்" என்றாள். மடித்த துணியைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. பெட்டியே சொல்லிவிட்டதே, வாயால் வேறு சொல்ல வேண்டுமா? வீட்டுக்காரர், "நல்லா யோசிச்சு முடிவு பண்ணு" என்றார். யோசிக்க என்ன இருக்கிறது? கொடுத்த வாக்கு கொடுத்த வாக்குதான். முதலாளியிடம் முடியாது என்று சொல்லிவிட்டு, பழைய லேபுக்குப் போய் மூட்டைப் பல் தள்ள வேண்டியதுதான். அந்த முன்பல் நுனியை நினைத்துக் கொஞ்சம் அழுதேன்.

வெள்ளிக்கிழமை காலையில் எனக்கு எதுவும் ஓடவில்லை. தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிட்டுத் தோசைக்கல்லைத் தேடினேன். கடைசியில் கைப்பையை மாட்டிக்கொண்டு, "நான் போறேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தேன்.

"என்ன சொன்னே?"

வக்கீல்தான். ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் சாக்ஸுமாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"போறேன்னு சொன்னேன்."

"அப்படிச் சொல்லக் கூடாது."

"ஆறு மாசமா நீ சொன்னியே, அது மட்டும் என்னவாம்?"

"நான் சின்னப் பொண்ணு, சொல்லுவேன். நீ அம்மா. போயிட்டு வர்றேன்னு சொல்லு."

"சொல்லலைன்னா?"

"அப்புறம் சாயங்காலம் யாரு காத்துக்கிட்டு இருக்கறது?"

கதவைப் பிடித்துக்கொண்டேன். "எங்கடி காத்துக்கிட்டு இருப்பே?"

இப்படி ஒரு மக்கு அம்மா உண்டா என்பது போல நிமிர்ந்து பார்த்தாள். "இங்கதான். நம்ம வீட்டுல."

வீட்டுக்காரர் சமையலறையிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்தார். நான் சொன்னேன்.

"போயிட்டு வர்றேன்."

"ம். லேட் பண்ணாதே" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த ஷூவை மாட்ட ஆரம்பித்தாள்.

படியிறங்கும்போதே முதலாளியிடம் சொல்ல வேண்டியதை அந்தப் பாஷையில் சொல்லிப் பார்த்தேன். ஒரே சொல்தான், 'இருக்கிறோம்'. இதிலாவது தப்பு வரக் கூடாது என்று பஸ் வரும்வரை அதையே முணுமுணுத்துக்கொண்டு நின்றேன்.