பல்பு மாட்டிய மஞ்சள் விளக்கு

அந்த வட்டாரத்தில் வண்டிகளுக்கு ஒயரிங் பார்க்கிறவனை எல்லாரும் பல்பு என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்கமாட்டான். கடையில் பாதி அவனுக்கு, மீதிப் பாதி அண்ணனுக்கு. நடுவழியில் நின்றுபோன கார்களைக் கட்டி இழுத்து வருகிற ரெக்கவரி வண்டி அண்ணனுடையது. இடுப்பில் ஆபரேஷன் ஆனபிறகு அண்ணன் போன் எடுப்பதோடு சரி, ஸ்டியரிங் அண்ணியின் கைக்கு வந்துவிட்டது. அண்ணனைவிட அண்ணி நன்றாக ஓட்டுகிறாள் என்பது ஊரறிந்த சங்கதி. அண்ணன் முன்னால் மட்டும் யாரும் வாயைத் திறப்பதில்லை.

வளைவு ஒன்றில் காரைக் கட்டிக்கொண்டிருந்த அண்ணியை ஒரு லாரி உரசாத குறையாகப் போனதிலிருந்து பல்புவுக்கு மனசே சரியில்லை. பழைய எச்சரிக்கை விளக்கு மின்மினிப் பூச்சிக்குப் போட்டியாக மினுங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, வண்டியின் கூரைமேல் புதிதாக இரண்டு மஞ்சள் விளக்குகளை ஏற்றினான். கூரைத் தகரத்தில் துளை போட்டு ஒயரை உள்ளே இறக்கி, எரிகிறதா என்று பார்க்க அதை நேரே பேட்டரியில் தொட்டான். பளிச்சென்று சுழன்றது. அந்த நேரம் பார்த்துப் போன் வந்தது. பாலத்துக்கு அப்பால் ஒரு கார் நிற்கிறதாம், உள்ளே கைக்குழந்தையாம். அண்ணி காலில் கஞ்சியைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி பறந்தாள். வீட்டுக்குள் அடைந்து கிடந்து சலித்துப்போன அண்ணனும் பிடிவாதமாக ஏறி உட்கார்ந்துகொண்டார். அவரை ஏற்றிவிட இரண்டு பேர் தாங்கவேண்டியிருந்தது.

வண்டி போனபிறகு பல்பு தரையில் சிதறிய சாமான்களைப் பொறுக்கினான். திருகாணிகளுக்கு நடுவே கறுப்பாக ஒரு ரப்பர் வளையம். கூரைத் துளையில் மாட்டவேண்டிய வளையம். அது இல்லையென்றால் தகரத்தின் விளிம்பு, வண்டி குலுங்கக் குலுங்க ஒயரின் தோலை அறுத்துவிடும். அறுத்தால்?

ஃப்யூஸ் இருந்தால் பட்டென்று போகும், விளக்கு அணையும், அவ்வளவுதான். ஃப்யூஸ் இல்லையென்றால் ஒயர் பழுக்கக் காய்ந்து, டேஷ்போர்டுக்குள் தீப்பிடிக்கும். பேட்டரியில் தொட்டுப் பார்த்ததற்கு அப்புறம் ஃப்யூஸ் போட்டோமா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அண்ணி அவசரப்படுத்தியது ஞாபகம் வந்தது, அண்ணனைத் தாங்கிப் பிடித்தது ஞாபகம் வந்தது. நடுவில் கை என்ன செய்தது என்பது மட்டும் துடைத்து வைத்தமாதிரி இருந்தது. தீப்பிடித்தால் அண்ணி குதித்துவிடுவாள். அண்ணன்?

போன் அடித்தான். அண்ணி எடுக்கவில்லை. அண்ணன் நம்பரை அழுத்தினால் மேசைமேலேயே மணி அடித்தது. வளையத்தையும் சாமான் பையையும் அள்ளிக்கொண்டு, கடையைச் சாத்தக்கூடத் தோன்றாமல் பைக்கைக் கிளப்பினான்.

பாலம் தாண்டியதும் தூரத்தில் வண்டி ஓரமாக நிற்பது தெரிந்தது. பின்னால் கட்டிய கார். கூரைமேல் விளக்கு எரியவில்லை. நாலைந்து பேர் கூடி நின்றார்கள். புகை இருக்கிறதா என்று பார்க்கவே பயந்து, பார்வையைச் சாலையிலேயே நட்டுக்கொண்டு ஓட்டினான்.

கிட்டே போனால், அண்ணி சாவகாசமாகப் பின்னால் சாலையில் எச்சரிக்கைக் கூம்புகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கூட்டம் கைக்குழந்தைக்கு நிழல் பிடித்துக்கொண்டிருந்தது. அண்ணன் முன்சீட்டில் அமர்ந்தபடியே அதற்கு விரல் சொடுக்கி விளையாட்டுக் காட்டினார்.

"வெளக்கு திடீர்னு அணைஞ்சுடுச்சு, தம்பி. வெளக்கு இல்லாம இழுக்கக்கூடாதுன்னு நிறுத்திட்டேன். உங்கண்ணன் என்ன கேட்டார் தெரியுமா? பல்பு நமக்கே பல்பு குடுத்துட்டானான்னு."

பல்பு சிரிக்கவில்லை. பானெட்டைத் தூக்கினான். பேட்டரிக்குச் சாண் தூரத்தில், எப்போதும் வைக்கிற அதே இடத்தில், ஃப்யூஸ் இருந்தது. உள்ளே இருந்த மெல்லிய பட்டை உருகி அறுந்திருந்தது. மறதி மனசுக்குத்தான், பழகிய கை தன்பாட்டுக்கு வேலையை முடித்திருக்கிறது.

புது ஃப்யூஸைச் சொருகிவிட்டுக் கிளம்பலாமே என்றார் அண்ணன். பழுதைப் பார்க்காமல் சொருகமாட்டேன் என்று சொல்லிவிட்டு, பல்பு பேட்டரி ஒயரைக் கழற்றினான். கூரைமேல் ஏறிப் பார்த்தால், நினைத்தது போலவே துளையின் விளிம்பில் ஒயரின் தோல் உரிந்து செம்பு தெரிந்தது. இறங்கி வந்து சொன்னான்:

"தப்பு என்மேலதான், அண்ணி. வளையம் போட மறந்துட்டேன். ஃப்யூஸ் இல்லாம இருந்திருந்தா வண்டி எரிஞ்சிருக்கும்."

அண்ணி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன்தான் பதில் சொன்னார்.

"போட்டிருந்தேல்ல? அப்புறம் என்னடா. வேலையப் பாரு."

பழுதான துண்டை வெட்டி எறிந்து, வளையம் மாட்டி, புது ஒயர் இழுத்து இணைத்தான். அது எங்கும் உரசாதபடி கட்டினான். பழைய ஃப்யூஸின் அதே அளவில் புதுசு போட்டான். சுவிட்சைத் தட்டியதும் மஞ்சள் வெளிச்சம் சுழன்றது. பின்னால் வந்த பஸ் ஒன்று தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து ஒதுங்கிப் போனது. குழந்தை வெளிச்சத்தைப் பார்த்து வாயைப் பிளந்தது.

கிளம்பும்போது, பின்னாலேயே வரச்சொன்னாள் அண்ணி. சரியென்று தலையாட்டினான். ஆனால் வண்டி நகர்ந்தபிறகு சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டான். வளைவு திரும்பி மறைகிறவரை அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம்தான் எழுந்து பைக்கைக் கிளப்பினான்.